சமவெளியில் தின்று மலைக்குச் சோறு சுமக்கும் பூச்சி

மழைக்காலத்தில் மஃரிபுக்குப் பிறகு வீட்டு விளக்கைப் போட்டால் போதும், எங்கிருந்தோ பூச்சிகள் வந்து மொய்த்துவிடும். விளக்கை அணைத்துவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம். ஆஸ்திரேலியாவின் தலைநகர் கான்பெராவில் வாழ்பவர்களுக்கும் இப்படி ஒரு தொந்தரவு உண்டு. அங்கே செப்டம்பரும் அக்டோபரும் வசந்த காலம். அப்போது வடக்கிலிருந்து பழுப்பு நிற அந்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வரும். 1988இல் மலைக்குன்றின் மேல் ஒளி வெள்ளத்தோடு திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடம் அவற்றின் பாதையிலேயே அமைந்துவிட்டது. சுவரிலும் ஜன்னலிலும் நடைபாதையிலும் பூச்சிகள் அப்பிக்கிடந்தன. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் நிறைவு விழாவில் ஈவான் கென்னி என்ற பாடகி ஒலிம்பிக் கீதம் பாடிக்கொண்டிருந்தபோது, இந்தப் பூச்சிகளில் ஒன்று அவர் உடையில் வந்து உட்கார்ந்துகொண்டது. உலகமே தொலைக்காட்சியில் அதைப் பார்த்தது.

அதன் பெயர் போகாங் அந்துப்பூச்சி. அறிவியல் பெயர் அக்ரோடிஸ் இன்ஃபியூசா. போகாங் என்பது அந்த மலைப் பகுதியின் பழங்குடி மக்களுடைய சொல். விக்டோரியா மாநிலத்தின் மிக உயரமான மலைக்கும் (1,986 மீட்டர்) அதே பெயர்தான். பூச்சியைப் பார்த்தால் விசேஷமாக எதுவும் தெரியாது. இறக்கையை விரித்தால் நான்கைந்து சென்டிமீட்டர் இருக்கும். எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு மலைத்தொடரின் உயிர்கள் பலவும் இதை நம்பித்தான் வசந்தத்தைத் தொடங்குகின்றன. இந்தப் பூச்சி நம்பியிருப்பதோ அந்த மலையில் முளைக்காத சில செடிகளை. அவை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிச் சமவெளி வயல்களில் முளைப்பவை.

இதைப் புரிந்துகொள்ளப் பூச்சியின் ஓராண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். தெற்கு அரைக்கோளத்தில் பருவங்கள் தலைகீழ் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை.

தெற்கு குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸின் வடக்கு, மேற்குப் பகுதிகள், மேற்கு விக்டோரியா ஆகிய சமவெளிகளில் இலையுதிர் காலத்தில் பெண் பூச்சி மண்ணில் முட்டையிடுகிறது. ஒரு பூச்சி 2,000 முட்டை வரை இடக்கூடும். குளிர்கால மழையில் மண்ணிலிருந்து தளிர்கள் கிளம்பும் நேரத்தில் புழுக்கள் வெளிவருகின்றன. பகலில் மண்ணுக்குள் பதுங்கிக் கிடக்கும். இருட்டியதும் மேலே வந்து இளஞ்செடிகளைத் தரையோடு அறுத்துத் தின்னும். நீலகிரியில் உருளைக்கிழங்கு போடும் விவசாயிகளிடம் கேட்டால், "இது நம்ம வெட்டுப்புழுவாச்சே!" என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். அங்கே பயிரை அறுக்கும் வெட்டுப்புழுவும் இதே அக்ரோடிஸ் இனத்தைச் சேர்ந்ததுதான்.

போகாங் புழு எதைத் தின்கிறது என்பதில்தான் கதையே இருக்கிறது. அதற்குப் பிடித்தவை அகன்ற இலையுள்ள, ஓராண்டே வாழும் குளிர்காலச் செடிகள். கேப்வீட் என்று அங்கே அழைக்கப்படும் மஞ்சள் பூக் களை, தரையோடு படரும் மெடிக் என்ற தீவனச் செடி, அதன் உறவான குதிரை மசால், ஆளி, பட்டாணி, காலிஃபிளவர் ஆகியவற்றைத் தின்னும். கிடைத்தால் இளம் கோதுமையையும் விடாது. இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். இவற்றில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவின் சொந்தச் செடிகளே அல்ல. கேப்வீட் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப் பகுதியிலிருந்து போனது. மெடிக் மத்தியதரைக் கடல் ஓரத்துச் செடி. ஐரோப்பியர் குடியேறி, நிலத்தை உழுது, ஆடு மேய்த்த இரண்டு நூற்றாண்டுகளில் பூச்சியின் தட்டில் இருந்த உணவு மாறிவிட்டது. பூச்சி அதற்கும் பழகிக்கொண்டது. விவசாயியின் கண்ணில் இது ஒரு பீடைப் புழு. அவர் மீது குற்றம் சொல்லவும் முடியாது, காலையில் போய்ப் பார்த்தால் நாற்று சாய்ந்து கிடக்கிறது.

குளிர்காலம் முழுக்கத் தின்று கொழுத்த புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. வசந்தம் தொடங்கும்போது பூச்சியாக வெளியே வருகிறது. வெளியே வந்த பூச்சி உடனே இணைந்து அங்கேயே முட்டையிடலாமே, எதற்காக ஆயிரம் கிலோமீட்டர் பறக்க வேண்டும்?

காரணம் செடிதான். கோடை வந்ததும் சமவெளியின் முகம் மாறிவிடும். அகன்ற இலைச் செடிகள் விதையைக் கொட்டிவிட்டுக் காய்ந்து போகும். அவற்றின் இடத்தைக் கோடைப் புற்கள் பிடித்துக்கொள்ளும். அந்தப் புல்லில் போகாங் புழு பிழைக்காது. அப்போது முட்டையிட்டால் பிள்ளைகளுக்குப் பட்டினிதான். ஆகவே அடுத்த குளிர்கால மழை வரும்வரை பூச்சி தன் குடும்ப வாழ்க்கையைத் தள்ளிப்போடுகிறது. இனப்பெருக்க உறுப்புகள்கூட முதிராத நிலையிலேயே கிளம்பிவிடுகிறது. கோடை வெப்பத்தைத் தாங்காமல் கழிக்கக் குளிர்ந்த இடம் தேவை. அந்த இடம் ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலைத்தொடர். வழியில் யூகலிப்டஸ், கிரெவில்லியா, எபாக்ரிஸ் போன்ற பூக்களில் தேன் குடித்துக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. மலைக்குப் போய்ச் சேரும்போது அதன் உலர்ந்த எடையில் பாதிக்கும் மேல் கொழுப்புதான்.

மலை உச்சியை ஒட்டிய பாறைக் குகைகளிலும் வெடிப்புகளிலும் அவை தங்குகின்றன. முதலில் வந்த பூச்சி பாறையைப் பிடித்துக்கொள்ள, அடுத்தது அதன் இறக்கைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொள்ளும். இப்படி வீட்டுக் கூரையில் ஓடு அடுக்கியது போலச் சுவர் முழுக்க மூடிவிடும். ஒரு சதுர மீட்டரில் 17,000 பூச்சிகள் வரை இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே அவை எதுவும் தின்பதில்லை. அந்தி நேரத்தில் கொஞ்சம் வெளியே பறந்து, தண்ணீர் கிடைத்தால் குடித்துவிட்டுத் திரும்பவும் அடுக்கில் ஒட்டிக்கொள்ளும். மூன்று நான்கு மாதம் இதே நிலை. பிறகு பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் வந்த வழியே திரும்பி, சமவெளியில் இணைந்து, முட்டையிட்டு இறந்துபோகும்.

இந்தப் பயணத்தில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது வேறொரு விஷயம். வழிகாட்ட அதற்கு யாருமே இல்லை. பறவைக் குஞ்சுக்காவது கூட்டத்தில் போய்வந்த மூத்தவை இருக்கும். இந்தப் பூச்சியின் தாயும் தந்தையும் அது புழுவாக இருக்கும்போதே இறந்துவிட்டன. தன் வாழ்நாளில் பார்த்திராத ஒரு மலையை நோக்கி, இரவில், முதல்முறையாகக் கிளம்புகிறது.

எப்படி வழி தெரிகிறது என்று ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் வாரன்ட், டேவிட் டிரேயர் ஆகியோரின் குழு பல ஆண்டுகளாக ஆராய்கிறது. 2018இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, பூச்சி பூமியின் காந்தப் புலத்தை உணர்கிறது என்றும், அதைக் கண்ணில் படும் அடையாளங்களோடு சேர்த்துப் பார்க்கிறது என்றும் காட்டியது. 2025இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இன்னும் வியப்பானது. பூச்சியின் முதுகில் மெல்லிய தண்டு ஒன்றை ஒட்டி, அது எந்தப் பக்கமும் திரும்பிப் பறக்கும்படி ஒரு வட்ட அரங்குக்குள் விட்டார்கள். கம்பிச் சுருள்களைக் கொண்டு பூமியின் காந்தப் புலத்தை அங்கே இல்லாமல் செய்தார்கள். மேலே உண்மையான இரவு வானத்தின் படத்தை ஒளிபரப்பினார்கள். வசந்தத்தில் பிடித்த பூச்சி தெற்கே பறந்தது. இலையுதிர் காலத்தில் பிடித்தது வடக்கே பறந்தது. வானத்தின் படத்தை 180 பாகை திருப்பியபோது பூச்சியும் திரும்பியது. விண்மீன்களைக் கலைத்துத் தாறுமாறாகப் போட்டபோது திசை தெரியாமல் தடுமாறியது. மேகம் மூடிய இரவில் காந்தப் புலம், தெளிந்த இரவில் விண்மீன் என இரண்டு கருவிகள் அதனிடம் இருக்கின்றன. நெடுந்தூரப் பயணத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தை அடைய விண்மீன்களைப் பயன்படுத்துவதாகக் கண்டறியப்பட்ட முதல் பூச்சி இதுதான்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் நட்சத்திரம் பார்த்துக் கப்பல் ஓட்டிய முன்னோர்களின் பேச்சு இன்னும் இருக்கிறது. அந்த வித்தையை மகன் தகப்பனிடம் கடலில் வருடக்கணக்கில் கற்றான். அரிசிமணியைவிடச் சிறிய மூளையுள்ள பூச்சிக்கு அது பிறவியிலேயே அமைந்திருக்கிறது.

இனி மலைப் பக்கத்துக்கு வருவோம். அங்கே மாதக்கணக்கில் பனி மூடிக்கிடக்கும். பனி உருகும் வசந்தத்தில் உணவு அரிது. அந்த நேரத்தில்தான் கொழுப்பு நிறைந்த கோடிக்கணக்கான பூச்சிகள் வானிலிருந்து வந்து இறங்குகின்றன. காகமும் நரியும் பல்லியும் தின்கின்றன. எல்லாவற்றையும்விட இதற்காகக் காத்திருப்பது மலைக் குள்ளப் பொசம் என்ற சின்னஞ்சிறு விலங்கு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், எடை 45 கிராம் அளவுதான். கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்ப்பது. 1895இல் ராபர்ட் புரூம் என்பவர் குகையில் கிடைத்த புதைபடிவ எலும்பை வைத்து இதை விவரித்தார். அழிந்துபோன விலங்கு என்றே எல்லோரும் நம்பினார்கள். 1966இல் ஹாத்தம் மலையில் பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் உயிரோடு ஒன்று அகப்பட்டபோதுதான் உண்மை தெரிந்தது.

இந்தப் பொசம் பாறை இடுக்குகளில் பனிக்கு அடியில் மாதக்கணக்கில் உறங்கும். விழிக்கும்போது உடம்பில் சேர்த்த கொழுப்பு தீர்ந்திருக்கும். உடனே குட்டி ஈனும் காலமும் தொடங்கிவிடும். பூச்சிகள் அதிகம் குவியும் உச்சிப் பாறைகளைப் பெண் பொசம்கள் பிடித்துக்கொள்ளும், ஆண்கள் கொஞ்சம் கீழே இருக்கும். பாலூட்டும் தாய்க்கு அந்தச் சில வாரங்களில் முதன்மையான உணவு போகாங் பூச்சிதான். அந்தத் தாயின் பால், நன்றாக யோசித்தால், முந்தைய குளிர்காலத்தில் ஏதோ ஒரு தூரத்து வயலில் புழு தின்ற மெடிக் செடியிலிருந்தும் கேப்வீட் களையிலிருந்தும் வந்தது.

மனிதர்களும் இந்த விருந்தில் பங்கு பெற்றிருக்கிறார்கள். அந்த மலைகளைச் சுற்றி வாழ்ந்த பழங்குடிகள் கோடையில் மேலே ஏறி, குகைச் சுவரிலிருந்து பூச்சிகளைச் சுரண்டி எடுத்து, சூடான சாம்பலில் வாட்டி, வலையில் சலித்து இறக்கையையும் காலையும் நீக்கிச் சாப்பிட்டார்கள். அரைத்து அடை போலவும் செய்தார்கள். பல இனக்குழுக்கள் ஒன்றுகூடித் திருமணம் பேசுவதும் வழக்குத் தீர்ப்பதும் அந்த நாட்களில்தான். வெட்டுக்கிளியைச் சமைத்து உண்ணும் அரபு வழக்கத்தைக் கேள்விப்பட்ட நமக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. விக்டோரியாவின் கிளாக்ஸ் குகையில் கிடைத்த ஓர் அரைகல்லில் போகாங் பூச்சியின் நுண்ணிய எச்சங்கள் இருப்பதைக் குனாய்குர்னாய் மக்களும் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து கண்டறிந்தார்கள். அதன் வயது சுமார் 2,000 ஆண்டுகள். குடியேற்றக்காரர்கள் வந்து நிலம் பறிபோனபின், 19ஆம் நூற்றாண்டிலேயே அந்த விருந்துகள் நின்றுபோயின.

சமவெளி தருவதையெல்லாம் பூச்சி மலைக்குச் சுமக்கிறது என்றால், நல்லதை மட்டும் சுமக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2001இல் மலையில் பலத்த மழைக்குப் பிறகு ஒரு குகை வாசலில் புல் கருகிக் கிடந்ததைக் கென் கிரீன் என்ற ஆய்வாளரின் குழு கவனித்தது. சோதித்தபோது ஆர்சனிக் நஞ்சு இருந்தது. ஒவ்வொரு பூச்சியின் உடம்பிலும் மிக மிகச் சிறிய அளவு. குகைக்குள் இறந்து விழுந்த பூச்சிகள் ஆண்டுக்கணக்கில் குவிந்து, அதை மழைநீர் கழுவிக்கொண்டு வந்தபோது புல்லைக் கருக்கும் அளவுக்குச் சேர்ந்துவிட்டது. சமவெளி மண்ணில் இருந்த நஞ்சு புழுவின் வழியாக ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்திருக்கிறது.

பிறகு 2017 வந்தது. கிழக்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், குறிப்பாகப் போகாங் பூச்சி முட்டையிடும் நிலங்களில், தொடர்ந்து மூன்று குளிர்காலங்கள் மழை பொய்த்தது. கோடை வறட்சி என்றால் பூச்சி மலையில் தப்பித்துக்கொள்ளும். இது குளிர்கால வறட்சி. தளிர் கிளம்பவில்லை. தளிர் இல்லாத இடத்தில் புழு எப்படி வளரும்? ஒரு காலத்தில் ஆண்டுக்கு 440 கோடி வரை மலையேறியதாக மதிப்பிடப்பட்ட பூச்சி, அந்த ஆண்டுகளில் 99.5 விழுக்காடு வரை குறைந்துவிட்டதாகக் கணக்கிட்டார்கள். சுவரே தெரியாமல் மூடிக்கிடந்த குகைகளில் விரல்விட்டு எண்ணும்படி சில பூச்சிகளே இருந்தன. மலையில் பொசம் தாய்கள் பலவும் பைக்குள் இருந்த குட்டிகளைப் பறிகொடுத்தன. 2019 கடைசியில் தொடங்கிய பெருங்காட்டுத்தீ கோசியஸ்கோ பகுதியில் அவற்றின் இடத்தையும் எரித்தது. மீட்புப் பணியாளர்கள் பாறைகளுக்கு இடையே தண்ணீரும், போகாங் பூச்சியின் சத்துக்கு ஈடாகச் செய்த பிஸ்கட்டும் வைத்தார்கள். காட்டு விலங்குக்கு பிஸ்கட் வைக்கும் நிலை வந்தால் அங்கே எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2021 டிசம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் போகாங் பூச்சியை அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. ஜன்னலில் மொய்த்து நாடாளுமன்றத்தையே தொந்தரவு செய்த பூச்சி அது.

வறட்சி மட்டும்தான் காரணமா என்பதில் ஆய்வாளர்கள் எச்சரிக்கையாகவே பேசுகிறார்கள். விதையிலேயே பூசி விதைக்கப்படும் பூச்சிக்கொல்லிகள், மேய்ச்சல் நிலங்கள் ஒரே பயிர் வயல்களாக மாறியது, களைக்கொல்லி, நகர வெளிச்சம் எல்லாமே சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. எனக்குப் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். வறட்சி முன்பும் வந்திருக்கிறது, பூச்சி மீண்டிருக்கிறது. ஒரு பெண் பூச்சி 2,000 முட்டையிடுவது அதற்காகத்தான். ஆனால் மழை திரும்பும்போது செடி முளைக்க இடமும், முளைத்த செடி நஞ்சில்லாமலும் இருக்க வேண்டும். விளக்கு தொடர்பான பங்கைப் பொதுமக்களே செய்ய முடியும் என்பதால் விக்டோரியாவின் உயிரியல் பூங்கா அமைப்பு ஒவ்வொரு வசந்தத்திலும் வீட்டு வெளிவிளக்குகளை அணைக்கச் சொல்கிறது. பார்த்த பூச்சியைப் படமெடுத்து அனுப்பவும் கேட்கிறது. வயலில் நடப்பதை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. தன் நாற்றை அறுக்கும் புழுவுக்கு இடம் விடு என்று ஒரு விவசாயியிடம் யார் போய்ச் சொல்வது?

2020க்குப் பிறகு சமவெளியில் நல்ல மழை பெய்தது. மெடிக்கும் கேப்வீட்டும் மறுபடி தரையை மூடின. மலைக் குகைகளில் பூச்சி அடுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின, பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை. மலைமேல் பொசம்களின் வசந்தம் எப்படி இருக்கும் என்பது, குளிர்காலத்தில் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிச் சமவெளியில் பெய்யும் மழையையும் பொறுத்திருக்கிறது.